மாவுக்கட்டுப் படத்துக்கு லைக் போடுகிறவர்களுக்கு

கல்லூரிப் பையன்கள் கத்தியோடு பிடிபட்டால், இரண்டொரு நாளில் கையில் மாவுக்கட்டோடு ஒரு படம் வந்துவிடும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம்" என்று சிரித்துப் பகிர்ந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பட்டாக்கத்தியால் வெட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பஸ், ரயில் ரூட்டிலும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவனாக இருப்பவன்தான் 'ரூட்டு தல'. போலீஸ் அந்தத் தலைகளைக் கூப்பிட்டு இனி வம்புக்குப் போகமாட்டோம் என்று எழுதி வாங்கியது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் மாணவர்கள். எழுதி வாங்கிய காகிதத்தால் என்ன பயன்?

திருத்தணி லோக்கலில் காலையில் ஏறிப் பாருங்கள். பெட்டியின் தகரத்தைத் தட்டி கானா ஓடும், கல்லூரி பேருக்கு 'ஜே' போடுவார்கள். ஓரமாக ஒரு பையன் புது பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பான். முதலாம் ஆண்டு. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதிப்பவன். அவனிடம் பெயரைக்கூடக் கேட்பதில்லை, "எந்த ரூட்டுடா?" என்பதுதான் முதல் கேள்வி. தட்டச் சொன்னால் தட்டவேண்டும், காசு கேட்டால் கொடுக்கவேண்டும். மாட்டேன் என்றால் மூன்று வருஷமும் அதே ரயிலில்தான் வரவேண்டும். சேர்ந்துவிட்டாலோ, யாரும் அவன்மேல் கை வைக்கமாட்டார்கள். ஊரில் ஆளில்லாதவனுக்கு அந்த 'தல' தருகிற தைரியத்தைக் கல்லூரி எங்கே தந்தது?

இதில் பெரும்பாலான பையன்கள் யாரையும் அடித்ததில்லை. கத்தி எடுப்பவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களுக்கு வழக்கும் சிறையும் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. மீதிப்பேர் 'மச்சான் கூப்பிட்டான்' என்று கூட்டத்தோடு போய் எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறியவர்கள். அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும், பாஸ்போர்ட் இழுபறியாகும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஸ்டேஷனில்தான் தெரியவருகிறது. அட்மிஷன் அன்றைக்கே அப்பா அம்மாவை உட்கார வைத்துச் சொல்ல முடியாதா?

பஸ் டேவும் முதலில் மாணவர்கள் தங்கள் ரூட் பஸ்ஸின் டிரைவர் கண்டக்டருக்கு மாலை போட்டுக் கொண்டாடிய நாள்தான். கூரைமேல் ஏறி ரகளையானதும் நீதிமன்றம் தடை போட்டது. சரியான தடைதான். ஆனால் தடை போட்ட பிறகும் 2019இல் பஸ் கூரையிலிருந்து பையன்கள் கொத்தாக விழுந்த வீடியோவைப் பார்த்தோமே!

காலேஜ் திறந்த முதல் மாதம் சென்ட்ரலில் லத்தியோடு நிற்கும் போலீஸுக்குப் பக்கத்தில், அதே ரூட்டில் படித்து இன்று வேலையில் இருக்கும் அண்ணன்கள் பத்துப் பேர் நிற்கட்டும். அந்தப் பையன்களோடு ரயிலில் ஏறட்டும். 'தல' சொன்னதற்கு மறுப்பாக ஒரு வார்த்தை சொல்ல அவர்களால்தான் முடியும், பேராசிரியராலும் இன்ஸ்பெக்டராலும் ஆகாது. எல்லாக் கல்லூரியிலும் முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பிரியாணி சாப்பிட்டு குரூப் போட்டோ எடுப்பதோடு இதையும் செய்யலாம்.