எச்.ஐ.வி. ‘நெகட்டிவ்’ சரி, எந்தத் தேதிக்கு?

கொரோனா காலத்தில் ஒரு எண்ணம் நம் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது: ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) இருந்தால் நமக்குப் பாதுகாப்பு. எச்.ஐ.வி. விஷயத்தில் இது செல்லாது. இங்கே ஆன்டிபாடி இருக்கிறது என்றால், ஓரிரு விதிவிலக்கு தவிர, கிருமி உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். இல்லை என்றால் கிருமி இல்லை என்றும் சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆட்கள் ஏமாறுவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

சனிக்கிழமை பாதுகாப்பில்லாத உறவு மாதிரி ஒரு சம்பவம், வியாழக்கிழமை லேப், மாலையில் ‘நெகட்டிவ்’, அத்தோடு நிம்மதி. அந்தக் காகிதம் சொல்வது சனிக்கிழமைக்கு முந்தைய கதையை. கிருமி நுழைந்து முதல் பத்து நாள் வாக்கில் எந்தப் பரிசோதனையிலும் சிக்காது. திசுக்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகிக்கொண்டிருக்கும். அதன்பின் ரத்தத்தில் முதலில் தெரிவது அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. சில நாள் கழித்து கிருமியின் பி24 என்ற புரதம். அதற்கும் பிறகுதான் நம் உடம்பின் ஆன்டிபாடி.

அதனால் கிருமி நுழைந்து எத்தனை நாளில் தெரியும் என்ற கணக்கு எந்த டெஸ்ட் என்பதைப் பொறுத்து மாறும். ஆர்.என்.ஏ. பார்க்கும் டெஸ்டுக்கு 10 முதல் 33 நாள். பி24, ஆன்டிபாடி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்டுக்கு, நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்தால், 18 முதல் 45 நாள். ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் டெஸ்டுக்கு 23 முதல் 90 நாள். விரலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் பி24-ஐயும் சேர்த்துப் பார்க்கும் கிட் கூட 90 நாள் வரை இழுக்கலாம். ரிப்போர்ட்டில் டெஸ்டின் பெயரும் தலைமுறையும் இல்லை என்றால் அது அரைகுறை ரிப்போர்ட் என்பது என் கட்சி. கேட்டு எழுதி வாங்குங்கள்.

சில நிமிடத்தில் முடிவு சொல்லும் ரேபிட் கிட்டில் கைத்தவறும் உண்டு. ரத்தம் குறைந்தாலோ, அதோடு விடும் பஃபர் திரவத்தின் சொட்டு கூடினாலோ, குறித்த நிமிடத்துக்கு முன்பே பார்த்தாலோ, அரை மணி நேரம் மறந்துவிட்டு வந்து பார்த்தாலோ முடிவு கெடும். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சில கிட்களில் ரத்தமே விடாமல் பஃபர் மட்டும் விட்டாலும் அந்தக் கோடு வரும். டெஸ்ட் கோடு எவ்வளவு மங்கலாக வந்தாலும் அதுவும் கோடுதான். அடுத்த டெஸ்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

இத்தனை ஆன்டிபாடி உண்டாகியும் ஏன் கிருமி சாவதில்லை? முதலில் வருபவை பெரும்பாலும் கிருமியின் மேலுறையில் உள்ள ஜிபி41 என்ற புரதத்தைப் பிடிக்கின்றன; பிடித்தும் கிருமியை முடக்குவதில்லை. அதற்கு வெளியே இருக்கும் ஜிபி120 என்ற இன்னொரு புரதத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. அதுவும் நம் செல்லே பூசிவிட்டது என்பதால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. முடக்கும் திறனுள்ள ஆன்டிபாடி வர மாதங்கள் ஆகும். பழைய சினிமா போலீஸ் மாதிரி அது வந்து நிற்கும்போது கிருமி உருமாறிப் போயிருக்கும். ஆரம்பத்தில் எகிறிய வைரஸ் அளவை ஓரளவு இறக்கி வைப்பதில் பெரும்பங்கு ஆன்டிபாடிக்கு அல்ல, தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்களுக்கு. சிலருக்குச் சில வருடங்களில் பலவகை வைரஸையும் முடக்கும் அபூர்வ ஆன்டிபாடி உண்டாகும். வேடிக்கை, அவர்கள் உடம்பில் உள்ள வைரஸ் அதற்குள் அதிலிருந்தும் தப்பியிருக்கும். அப்படி ஒருவரிடமிருந்து பிரித்த விஆர்சி01-ஐ ஊசியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது: மொத்தத்தில் தொற்றைத் தடுக்கவில்லை, அதற்கு மசியும் வைரஸ் வகைகளை மட்டும் தடுத்தது.

“பலமுறை ஆகியும் எனக்கு ஒன்றும் வரவில்லை, உடம்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நைரோபியில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களில் சிலர் வருடக்கணக்கில் தொற்றாமல் இருந்ததும், அவர்களிடம் எச்.ஐ.வி.க்கு எதிரான டி செல்கள் தென்பட்டதும் உண்மை. தொழிலிலிருந்து சில காலம் விலகித் திரும்பியவர்களில் சிலருக்குத் தொற்று வந்ததும் உண்மை. கிருமி செல்லுக்குள் நுழையும் கதவான சிசிஆர்5-இன் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகி, அதனால் பெரும்பாலும் தொற்றாதவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியிலேயே நூற்றுக்கு ஒருவர்தான். நம்மிடையே மிக மிக அபூர்வம். ஆணுறையை அதை நம்பிக் கைவிடாதீர்கள்.

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால் டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ ஓடுங்கள். தடுப்பு மருந்து 28 நாள். முதல் மாத்திரை எத்தனை மணி நேரம் முந்துகிறதோ அத்தனை நல்லது. இந்த மருந்து ஆன்டிபாடி தோன்றுவதையே தாமதப்படுத்தலாம், ஆகவே மேலே சொன்ன நாள் கணக்கை மருந்து முடித்த நாளிலிருந்து தொடங்குங்கள். வழி தெரியாவிட்டால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணை அழையுங்கள், இலவசம்.

இனி மறுபக்கம். நம் நாட்டில் பெரியவர்களில் 500 பேருக்கு ஒருவர் அளவில் தொற்று. 10,000 பேரைச் சோதித்தால் உண்மையான பாசிட்டிவ் 20. டெஸ்ட் 99.5 சதவீதம் சரியாக இருந்தாலும் தொற்றில்லாத சுமார் 50 பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் வெவ்வேறு வகையான மூன்று டெஸ்டும் பாசிட்டிவ் ஆனால்தான் ‘பாசிட்டிவ்’ என்கிறார்கள். ஒரே ஒரு கார்டைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தையே கூட்டி உட்காரவைக்கும் தனியார் லேப்களை மன்னிக்க முடியாது. 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் கொரோனா தடுப்பூசியில் ஜிபி41-இன் சிறு துண்டு இருந்தது, போட்டுக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்ட, தடுப்பூசியையே கைவிட்டார்கள். தொற்றுள்ள தாயின் குழந்தைக்கும் 18 மாதம் வரை தாயின் ஆன்டிபாடியே பாசிட்டிவ் காட்டலாம், அதனால் ஆறாவது வாரத்தில் கிருமியின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. இலவசமாக டெஸ்ட் செய்து தருவார்கள் என்று ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்.என்.ஏ. டெஸ்ட் எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. இருந்தாலும் அந்த முதல் சில நாளில் அதுவும் கோட்டை விடும். நம்பிக்கை மையத்திலும் டெஸ்ட் இலவசம்தான். சந்தேகம் இருந்தால் அங்கே போங்கள், ரத்ததான முகாமுக்கு வேண்டாம்.