ரோடு போடும் முன் நர்சம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

கிராம சபையில் வாசிக்கிற தீர்மானங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிமெண்ட் சாலை இத்தனை மீட்டர், மேல்நிலைத் தொட்டி இத்தனை ஆயிரம் லிட்டர், மதிப்பீடு இத்தனை லட்சம். எல்லாம் நீளத்திலும் ரூபாயிலும்தான் இருக்கும். இந்த வேலை முடிந்த பிறகு ஊரில் யாருக்கு உடம்பு தேறும், யாருக்குக் கெடும் என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எங்கள் ஊர்த் தெருவையே சொல்கிறேன். பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது கான்கிரீட் போட்டார்கள். தெரு உயர்ந்தது, வீடுகள் பள்ளமாகிவிட்டன. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், தண்ணீர் வாசற்படி தாண்டி அடுப்படி வரைக்கும் வரும். அப்புறம் வடிகால் கட்டினார்கள். அது தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டது. ஓடையும் இல்லை, உறிஞ்சுகுழியும் இல்லை. ஒதுக்கிய பணம் அவ்வளவுதானாம். இப்போது அந்த முனையில் வருஷம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பாட்டி சாயங்காலம் ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார், அவ்வளவு கொசு. ஆனால் வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கில் வேலை முடிந்தது, பில்லும் பாஸாகிவிட்டது.

சாக்கடைக் கொசு ஒரு பக்கம் என்றால் டெங்குக் கொசு வேறு ரகம். அது நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? டிரம், குடம், சிமெண்ட் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைப்பார்கள். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வந்து டிரம்மை எட்டிப் பார்த்து, அபேட் மருந்து ஊற்றி, "மூடி வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். பாவம், அவர் வேலை அது. ஆனால் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதே டெங்குவைத் தீர்மானிக்கிற விஷயங்களில் ஒன்று. தொட்டி கட்டும்போது இதை யார் பேசினார்கள்?

கழிப்பறைக்கும் இதே கதைதான். இரட்டைக் குழி முறை அருமையான முறை. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாற்ற வேண்டும். மூடிய குழி ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தால் கிருமிகள் செத்து எருவாகிவிடும். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் கழிவு போகிற மாதிரி குழாய் பதித்துவிட்டால் அந்தப் பலனே போச்சு. குழிக்கும் அடிபம்புக்கும் பத்து மீட்டராவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். இரண்டு சென்ட் வீட்டில் எங்கே விடுவது? வீடு வீடாகப் போய்ப் பார்த்தால்தான் இது தெரியும், எஸ்டிமேட்டில் தெரியாது.

உடம்பை முன்னால் வைத்துத் திட்டம் போட முடியாதா என்றால், போட்டிருக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைப் பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு ஃபுளோரைடும் சேர்ந்து வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பல்லில் காவிக் கறை விழுந்தது, அது பிறகு போகாது. அதிகமாகிப் பல வருஷம் உள்ளே போனால் எலும்பையே பாதிக்கும். இந்தப் பாதிப்புக்குப் பெயர்தான் ஃபுளோரோசிஸ். 2013இல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் திட்டத்தின் பெயரே 'கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்'. எந்த நோயைக் குறைக்கக் குழாய் பதிக்கிறோம் என்று பெயரிலேயே எழுதினார்கள். அந்தத் தெளிவு ஒரு தெருவின் வடிகாலுக்கும் வேண்டும்.

தாய்லாந்தில் 2007ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி, ஒரு திட்டத்தால் உடல்நலத்துக்கு என்ன ஆகும் என்று மதிப்பிடச் சொல்லிக் கேட்கிற உரிமை சாதாரண குடிமக்களுக்கே உண்டு. நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 2006 அறிவிக்கையின்படி ஆலை, சுரங்கம் போன்ற பெரிய திட்டங்களுக்குத்தான் வரும். ஊராட்சித் தெருவுக்கு வராது. சரி, சட்டம் வரும்போது வரட்டும்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஊர் அளவில் சுகாதாரக் குழு இருக்கிறது, ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் நிதியும் உண்டு. உங்கள் ஊரில் அது கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். எந்தத் தெருவில் காய்ச்சல் அதிகம், எந்த வீட்டுக் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று நர்சம்மாவுக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் தெரியும். எஸ்டிமேட் போடும் முன் ஓவர்சியர் அவர்கள் இருவரோடும் தெருவில் ஒரு நடை நடக்கட்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்ததில் சாலைத் தீர்மானம் வாசிக்கும்போது எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் போடுவீர்களா? வடிகால் எங்கே போய் முடியும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.