கீறல் விழும் என்றால் கத்தி எதுக்கடா?

இந்த மடக்குக் கத்தி விசர் எங்கள் வன்னியில் பரந்தன் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. முன்பு போன் மொடல் கதைத்த பெடியள் இப்போது இரும்பின் நம்பர் கதைக்கிறார்கள். எஸ்30வி, எஸ்90வி, மேக்னாகட். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்பவர்கள் பொக்கற்றில் கிளிப் வெளியே தெரிய ஒன்றைச் செருகிக்கொண்டு திரிகிறார்கள். ஒற்றைக் கையால் டிக்கென்று திறப்பது, டிக்கென்று மூடுவது. பொழுது படும்வரை அதுதான் வேலை.

அவரவர் காசு, அவரவர் பொழுது. ஆனால் அறுவடை மெசின் வெட்டி முடித்து, மூட்டை கட்டிக்கொண்டு நிற்கும்போது, சணல் நூல் அறுக்க அந்தக் கத்தியை ஒருக்கால் தா தம்பி என்று அப்படி ஒருவனிடம் கேட்டேன். "ஐயோ அண்ணை, கீறல் விழும். பிறகு விக்கேக்க விலை குறைஞ்சிடும்" என்கிறான்! நூல் அறுத்தால் விலை குறைகிற கத்தி. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அறுத்தேன்.

அவன் வைத்திருந்தது செபென்சா. கிறிஸ் ரீவ் தொடக்கிய அமெரிக்கக் கொம்பனி, ஐடஹோவில் செய்வது. நல்ல கத்திதான், பொய் சொல்லக்கூடாது. கைப்பிடித் தகட்டிலேயே ஒரு நாக்கு வெட்டி, திறந்த அலகு மடங்காமல் பிடிக்கிற பூட்டாக அதையே ஆக்கியது அந்த மனிதனின் யோசனை. இன்று பாதி உலகம் அதைத்தான் கொப்பியடிக்கிறது. ஆனால் விலை 450 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 1,35,000 ரூபா. 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. ஒரு தொன்னுக்கு மேல் நெல்லைக் கொடுத்துத்தான் அந்த டிக் சத்தத்தை வாங்கவேண்டும்.

கேட்டால் ஸ்டீல் என்பார்கள். எஸ்90வியில் வனேடியம் என்ற உலோகம் 9 வீதம், கூர் மங்காது என்பார்கள். மங்க நாளாகும், உண்மை. மங்கிய பிறகு? அந்த வனேடியம் கரியோடு சேர்ந்து ஸ்டீலுக்குள் உண்டாக்கும் காபைட் துகள் எங்கள் கடைகளில் விற்கும் சாதாரண சாணைக்கல்லைவிடக் கடினம். கல்தான் தேயும், கத்தி சிரித்துக்கொண்டு கிடக்கும். அதைத் தீட்ட டயமண்ட் தட்டு வேண்டும், அதற்குத் தனிக் காசு. இதை எந்த வீடியோக்காரனும் தொடக்கத்தில் சொல்வதில்லை. அவன் தாளை வெட்டுவான், கை மயிரை மழிப்பான், கீழே வாங்குவதற்கான லிங்க் போடுவான்.

அதோடு, கத்தி வெட்டுவது முதலில் அலகின் மெல்லிசால். வாய்ப்பக்கம் தடித்துப்போனால் எந்த இரும்பாக இருந்தாலும் பூசணிக்காய் அறுபடாது, பிளக்கும். கள்ளுச் சீவுகிறவரின் பாளைக்கத்தியைப் பாருங்கள். எவ்வளவு மெல்லிசு! அவர் அதைத் தினமும் தீட்டுகிறார், மங்காத இரும்பு தேடி அலையவில்லை. பிரெஞ்சுக்காரனின் ஒபினல் மடக்குக் கத்தியும் இந்த இனம்தான். 1890இலிருந்து செய்கிறான், மரப்பிடி, மெல்லிய அலகு, 1955இலிருந்து ஒரு திருகு வளையப் பூட்டு. செபென்சாவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மாரி மழையில் பிடி ஊறினால் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அது வேறு கதை.

எங்கள் கொல்லுப் பட்டறையில் பழைய லொறி வில்லுத்தகட்டில் அடிக்கிற காட்டுக்கத்தியை இந்தப் பெடியள் தொட்டும் பார்க்க மாட்டார்கள். அந்தத் தகடு பெரும்பாலும் 5160 என்ற ஸ்டீல் வகை, இல்லாவிட்டால் அதற்கு ஒத்த ஜப்பான் வகை. அமெரிக்காவில் அதே 5160இல் கையால் அடித்து, தோல் உறை போட்டு, நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கிறார்கள். அங்கே நம்பரோடு வந்தால் கலை. இங்கே நம்பர் இல்லாததால் பழைய இரும்பு.

விளம்பரம் இன்னும் மோசம். "விமானத் தர டைட்டேனியம்." நூல் அறுக்கிற கத்தி எந்த விமானத்தில் ஏறப்போகிறது? "இந்த நிறத்தில் இவ்வளவுதான், நாளை இத்தனை மணிக்கு விற்பனை." அங்கே பகல் என்றால் இங்கே நடுச்சாமம், எங்கள் பெடியன் போனைப் பிடித்துக்கொண்டு முழித்திருக்கிறான். அடுத்த மாதம் அதே கத்தி வேறு நிறத்தில் மறுபடியும் "கடைசி வாய்ப்பு" என்று வரும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் ஏற்றுவது அந்த 'டக்டிகல்' கதை, அதாவது ஆமிக்காரன் பாணிக் கத்தி என்ற கதை. கறுப்பு அலகு, படத்தில் சீருடை, "போர்க்களத்தில் சோதித்தது" என்ற வசனம். டேய், 2009ஐக் கண்ட சனத்திடம் வந்து போர்க்களத்தை விற்கிறீர்களா? முள்ளிவாய்க்காலால் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒருவரும் டைட்டேனியம் கேட்கவில்லை. தறப்பாள் கயிறு அறுக்கவும், கடைசியாகக் கிடைத்த தேங்காயை உடைக்கவும் ஏதாவது இரும்பு கிடைத்ததா என்றுதான் பார்த்தார்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த விளம்பரம் வீரமாகத் தெரிகிறது. கொம்பனிக்காரனை விடுங்கள், அவனுக்கு வன்னி எங்கே என்றே தெரியாது. இவனுக்குமா தெரியாது?

சேர்த்து வைக்க ஆசையென்றால் வை தம்பி, அலுமாரியில் வரிசையாக அடுக்கு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மூட்டை கட்டுகிற இடத்துக்கு மட்டும் அதைக் காட்டவென்று கொண்டு வராதே. வருவதென்றால் அறுக்கிற கத்தியோடு வா, இல்லாவிட்டால் சாக்கைப் பிடி.