மாலை நாலேகால் முதல் இரவு ஒன்பதரை வரை

கும்பகோணத்தின் ஜவுளிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. முகூர்த்த மாதங்களிலும் தீபாவளி நெருங்கும்போதும் அது பத்தரையாவதும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி விடுவது மாலை நாலேகால் மணிக்கு. இடையிலுள்ள அந்த ஐந்து மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், நண்பர்கள் நால்வர் சேர்ந்து, காவிரிப் படித்துறையை ஒட்டிய பழைய சத்திரக் கூடம் ஒன்றில், எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்காக மாலை மையம் நடத்தினோம். முப்பது பேர் வரை வருவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு வருவான்; முதல் வாரம் முழுவதும் கேரம் பலகையை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாராசுரம் காய்கறிச் சந்தைக்கு வேலைக்குப் போகிறவன் என்று தெரிந்ததும், கிலோ 18 ரூபாய் 50 காசு என்றால் 23 கிலோ என்ன விலை என்று கேட்டேன். காயின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், "425 ரூபாய் 50 காசு சார்" என்றான். அதையே தாளில் பெருக்கி எழுதச் சொன்னபோது, புள்ளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பென்சிலைக் கீழே போட்டுவிட்டான். ஆறாம் வகுப்பில் கைநழுவிய அந்தப் புள்ளியை மீட்டுக் கொடுக்க நான்கு மாலைகள் போதுமாயிருந்தன. நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் எந்த ஆசிரியருக்கும் கிடைக்காத நான்கு மாலைகள் அவை. குற்றம் அந்த ஆசிரியர்களுடையது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இதை இலவச டியூஷன் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியன்று. பசியோடு வரும் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், உட்கார வெளிச்சமான இடம், வரவில்லையென்றால் மறுநாள் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒரு பெரியவர், இவை மூன்றும் அதில் முதன்மையானவை; பாடம் அதற்குப் பிறகுதான். தெருமுனையில் கஞ்சாப் பொட்டலமும், கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலமும் கொண்டுவந்து கொடுப்பவன் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அண்ணனாகத்தான் அறிமுகமாகிறான். பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான், பரோட்டா வாங்கித் தருகிறான். அந்த நேரத்தில் பிள்ளையைத் தேடும் வேறொரு குரல் ஊரில் இல்லாமல் போனது யாருடைய பிழை?

எங்கள் மையத்துக்கு மாதம் 14,000 ரூபாய் செலவானது. இரண்டு இளம் ஆசிரியைகளுக்கு மதிப்பூதியம் 8,000, சுண்டலுக்கு 4,500, மின்கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் 1,500. மூன்றாம் ஆண்டில், உதவிவந்த நன்கொடையாளர் தம் முன்னுரிமை மாறிவிட்டதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். கை நீட்டாத இடமில்லை. ஜூன் மாதத்தில் மூடிவிட்டோம். ஆடிப்பெருக்கன்று அந்தப் பையனைப் படித்துறையில், அவனைவிட நான்கைந்து வயது மூத்தவர்களோடு பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த ஆண்டு திருட்டு பைக் வழக்கொன்றில் அவன் பெயரும் சேர்ந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வாசலில், அன்றைய சம்பளத்தை இழந்துவிட்டு வந்து நின்ற அவன் அம்மாவின் பக்கத்தில் நானும் நின்றேன். மையம் தொடர்ந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று தினமும் மாலையில் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு, மாலை நேரத்தைப் பிள்ளைகளுக்கு உரியதாக்க முடியும் என்று காட்டியது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு முடிகிறது. அந்த வயதுக்குப் பிறகு, அபாயகரமானவை தவிர்த்த வேலைகளுக்குப் போகக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தடை சொல்வதில்லை. பிள்ளையின் மீது ஊரின் கண் படத் தொடங்கும் வயதில், அரசின் கை ஒவ்வொன்றாக விலகிக்கொள்கிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகளுக்கான மாலை மையங்கள், மாநகராட்சியின் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பாக இடம்பெற வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வரட்டும், நல்ல உள்ளங்களும் உதவட்டும். ஆனால் லாபத்தையும் மனத்தையும் பொறுத்து வரும் பணத்தை நம்பி ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளை ஒப்படைக்க முடியாது. அமெரிக்காவில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களுக்கென அந்நாட்டு ஒன்றிய அரசு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிவருகிறது. அங்கும் இதை நன்கொடையால் மட்டும் நடத்திவிட முடியவில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் தங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்க்கலாம். நாம் கட்டும் வரியில் கல்வி வரி அடங்கியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நூலக வரியும் அதோடு சேர்ந்தே வசூலாகிறது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்ட நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். 1931இலேயே மன்னார்குடியில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோன மண் இது. வாசகரைத் தேடி வண்டி போன மாவட்டங்களில், கிளை நூலகத்தின் ஒரு கூடத்தை மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்து, இரண்டு பேருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுப்பது பெரிய காரியமா? மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்களும் மாலை ஐந்து மணிக்குப் பூட்டித்தான் கிடக்கின்றன; புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை.

எங்கள் மையத்தின் மூன்றாண்டு வரவு செலவுக் கணக்கை இணைத்து, எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினரிடம் சென்ற வாரம் மனு கொடுத்திருக்கிறேன். நிதிநிலை அறிக்கை தயாராவதற்குள் மற்ற வார்டுகளிலிருந்தும் மனு போக வேண்டும். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் நண்பர்களும் தங்கள் ஊருக்கு ஏற்பத் தொகையை மாற்றிக்கொண்டு கொடுக்கலாம். நகல் வேண்டுவோர் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.