டச்டவுன் அடித்தது ஆளா, பட்டப்பெயரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ‘ஃப்ரிட்ஜ்’ பெர்ரியைப் பிடிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்த யாருக்கும் பிடிக்காது என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் 1986 ஜனவரி 26 அன்று அவர் அடித்த டச்டவுன் வீடியோ கண்ணில் பட்டால், போனை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்தப் பக்கம் 11 பேர், அந்தப் பக்கம் 11 பேர். பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. எறிகிறவர், பிடிக்கிறவர், தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், இவர்கள் பின்னால்தான் கேமரா போகும். கோட்டின் நடுவில் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளும் கனத்த ஆட்களை யாரும் பார்ப்பதில்லை. பத்தாததற்கு எல்லார் தலையிலும் ஹெல்மெட். இந்த ஆட்டத்தில் பட்டப்பெயருக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். முகமே தெரியாதவனை வேறு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

வில்லியம் பெர்ரி கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த நாளில், லிஃப்டில் அவரோடு ஏறப் பார்த்த சக வீரர் ஒருவர், இடம் போதாமல், “நீ என்னப்பா ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கே” என்றாராம். அப்படியே ஒட்டிக்கொண்டது. எடை 300 பவுண்டைத் தாண்டும், அதாவது 136 கிலோவுக்கும் மேல். 1985இல் புது வீரர்களுக்கான வருடாந்திரத் தேர்வில் சிகாகோ பேர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. தற்காப்புப் பயிற்சியாளர் பட்டி ரயனுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. வீணாய்ப்போன தேர்வு என்று வெளிப்படையாகவே சொன்னார். அவருக்கும் தலைமைப் பயிற்சியாளர் மைக் டிட்காவுக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம்.

டிட்காவிடம் இன்னொரு பழைய பாக்கியும் இருந்தது. முந்தைய சீசனில், இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே, சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் பேர்ஸை 23-0 என்று நசுக்கியது. அந்த ஆட்டத்தில் அவர்களுடைய பயிற்சியாளர் பில் வால்ஷ், முன்வரிசைத் தடியர் ஒருவரைக் கொண்டுபோய், பந்தோடு ஓடுகிறவர்கள் நிற்கும் பின்வரிசையில் நிறுத்தி வேடிக்கை காட்டினார். டிட்கா மறக்கவில்லை. 1985 அக்டோபரில் அதே அணியைச் சந்தித்தபோது பந்தைப் பெர்ரி கையில் கொடுத்தார். அடுத்த வாரம், அக்டோபர் 21, திங்கட்கிழமை இரவு ஆட்டம், எதிரே கிரீன் பே அணி. பெர்ரி ஒரு யார்டு உருண்டு ஒரு டச்டவுன் அடித்தார். பேர்ஸுக்காகப் பந்தோடு ஓடும் வால்டர் பேட்டன் இரண்டு அடிப்பதற்கு எதிராளிகளை இடித்து வழியும் போட்டார். டிவியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் பெர்ரி பட்டிதொட்டியெல்லாம் தெரிந்த ஆள். விளம்பரங்கள் வரிசைகட்டி நின்றன.

இதுவரை எனக்கும் குதூகலம்தான். என் சண்டை இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ், 20ஆவது சூப்பர் பௌல். மூன்றாவது கால்மணி ஆட்டம். பேர்ஸ் 37, எதிரணி பேட்ரியட்ஸ் 3. தோற்பதற்கு வழியே இல்லை. கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு. களத்தில் பேட்டன் இருக்கிறார். 1975இலிருந்து அந்த அணிக்காக, அது உருப்படாமல் கிடந்த வருஷங்களிலும், பந்தைச் சுமந்து அடிவாங்கிய மனிதர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘ஸ்வீட்னெஸ்’. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடித் தப்பிக்காமல், தடுக்க வருகிறவனையே எதிர்த்து முட்டுகிறவருக்கு இப்படி ஒரு தித்திப்பான பெயர். டிட்கா பந்தைப் பெர்ரிக்குக் கொடுக்கச் சொன்னார். 44-3. அரங்கம் அதிர்ந்தது.

பேட்டன் அன்று 22 முறை பந்தைத் தூக்கி 61 யார்டு ஓடினார். ஒரு டச்டவுன்கூட இல்லை. ஆட்டம் 46-10 என்று முடிந்தது. 1987 சீசனோடு அவர் விலகியபோது கணக்கில் 16,726 யார்டு, அதுவரை எவரும் எட்டாத தூரம். இன்னொரு சூப்பர் பௌல் அவருக்கு வாய்க்கவில்லை. 1999 நவம்பர் 1 அன்று, 45 வயதில், கல்லீரல் நோயில் போய்விட்டார்.

பேட்ரியட்ஸ்காரர்கள் பேட்டனை மறிப்பதிலேயே குறியாக இருந்தார்கள், அதனால்தான் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது என்று ஒரு வாதம் உண்டு. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஜிம் மெக்மானே இரண்டு டச்டவுன் ஓடினார் என்பார்கள். சரி, முதல் பாதிக்கு அந்த வாதம் செல்லும். 34 புள்ளி முன்னால் நிற்கும்போது செல்லாது. அப்போது டிட்கா கூப்பிட்டது ஆட்டத்துக்குத் தேவையான ஆளை இல்லை, மூன்று மாதமாக நாடே கொஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெயரை. பிற்காலத்தில் டிட்கா இதற்காகப் பலமுறை வருந்திப் பேசியிருக்கிறார். என்ன பிரயோசனம்?

பட்டப்பெயரே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 1982இல் வாஷிங்டன் அணியின் முன்வரிசையைப் பயிற்சியாளர் ஜோ பூகெல் ‘ஹாக்ஸ்’ என்று அழைத்தார், பச்சையாகச் சொன்னால் பன்றிகள். நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் பல் இருக்காது. அவர்களோ அதைப் பதக்கம்போலச் சூடிக்கொண்டார்கள். ஆண் ரசிகர்கள் கவுனும் பன்றி மூக்கும் மாட்டிக்கொண்டு அரங்குக்கு வந்தார்கள். பந்தோடு ஓடிப் புகழ் சேர்த்த ஜான் ரிகின்ஸுக்கு கௌரவப் பன்றி என்ற பட்டமே கிடைத்தது! யாரும் பார்க்காத வேலையைச் செய்கிறவர்களை ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த பெயர் அது. அந்த சீசன் முடிவில் சூப்பர் பௌலும் அவர்களுக்கே.

அதைவிட எனக்குப் பிடித்தது டீக்கன் ஜோன்ஸ் கதை. நிஜப் பெயர் டேவிட் ஜோன்ஸ். 1961இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அவரை 14ஆவது சுற்றில்தான் எடுத்தது. டெலிபோன் டைரக்டரியைத் திறந்தால் டேவிட் ஜோன்ஸ்கள் வரிசையாக நிற்கிறார்கள், இந்தப் பெயரை எவன் ஞாபகம் வைப்பான் என்று யோசித்து, தானே ‘டீக்கன்’ என்று வைத்துக்கொண்டார். தேவாலயத்தில் ஊழியம் செய்பவருக்கான சொல். களத்தில் அவர் செய்ததோ குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடித்து மண்ணில் சாய்ப்பது. அதற்கு ‘சாக்’ என்ற சொல்லைப் பரப்பியவரும் இவரே என்பார்கள். தன் பெயரையும் தன் தொழிலின் பெயரையும் தானே வைத்துக்கொண்ட மனிதரிடம் எந்தப் பயிற்சியாளர் விளையாட முடியும்?

‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். வருடாந்திரத் தேர்வில் கடைசியாக எடுக்கப்படும் பையனுக்கு, ‘எதற்கும் சம்பந்தமில்லாதவர்’ என்ற பட்டம். 1976இல் முன்னாள் வீரர் பால் சலாட்டா ஆரம்பித்துவைத்தது. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சுக்கு அழைத்து ஒரு வாரம் விருந்து, கையிலிருந்து பந்தை நழுவவிடும் வீரனின் சிலை பரிசு. சின்னப் பையனை ஏன் இப்படிக் கேலி செய்ய வேண்டும் என்று முதலில் கடுப்பாக இருந்தது. பிறகு 2022இல் 262ஆவது ஆளாக ப்ராக் பர்டி வந்தார். டிசம்பரில் 49அர்ஸுக்காக முதல்முறை ஆட்டத்தைத் தொடங்கியபோது எதிரே நின்றது ஜாம்பவான் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. 35-7 என்று ஜெயித்தார்கள். 2025இல் பர்டிக்கு 5 ஆண்டுக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அந்தப் பட்டம் அடுத்த வருஷமே வேறொருவருக்குப் போய்விடுகிறது. யார் உடம்பிலும் அது தங்குவதில்லை.

பெர்ரியின் பெயர் தங்கியது. எடையைக் குறை என்று அணி சொல்லும், விளம்பரக்காரனுக்கு வேண்டியதோ அதே எடை. ஃப்ரிட்ஜ் என்று கூப்பிட்டுவிட்டு இளைக்கச் சொன்னால் அந்த மனிதர் எங்கே போவார்? 10 சீசன் ஆடினார். தற்காப்பில் நல்ல ஆட்டக்காரர் என்பதைச் சொல்ல ஆளில்லை. அந்த ஒரு யார்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அன்றைய வெற்றிக்காக அவருக்குக் கிடைத்த மோதிரத்தின் அளவு 25. அரை டாலர் நாணயம் அதற்குள் தாராளமாக நுழைந்து வெளியே வரும். 2015இல் அந்த மோதிரம் ஏலத்துக்கு வந்து 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் விரலில் அது எப்படியும் நிற்காது.