"இளைச்சுட்டியே, சூப்பரா இருக்கே!"

இந்த வார்த்தையை என் தங்கையிடம் முதன்முதலில் சொன்னது நான்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அப்போது அவளுக்கு 19 வயது. நான் சொன்னதும் அவள் முகம் பூத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வந்தவர் போனவர் எல்லாரும் அதையே சொன்னார்கள். சாப்பாட்டைப் பொடிப்பொடியாகப் பிய்த்து தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். எழுந்து போன பிறகு பார்த்தால் போட்டது போட்டபடி இருக்கும். கொளுத்துகிற வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். சீப்பு நிறைய முடி கொட்டியது. ஆனால் கையிலும் முதுகிலும் பூனைமுடி முளைத்தது. கொழுப்பு கரைந்த உடம்பு குளிர் தாங்குவதற்குச் செய்யும் வேலையாம் அது. மாதவிடாய் நின்று ஐந்து மாதம் ஆனதை யாரிடமும் சொல்லவில்லை.

மயங்கி விழுந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அனோரெக்ஸியா என்றார்கள்; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் நோய். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. "ஓட்டப்பந்தய வீரருக்கு இப்படி இருந்தால் கவலையில்லை. இவளுக்கு இதயத் தசையே கரைகிறது" என்றார் டாக்டர். அம்மா உடனே வயிறாரச் சாப்பாடு ஊட்டத் தயாரானாள். டாக்டர் தடுத்துவிட்டார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். அதில் இதயமே நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கூட்டி, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாப்பிடவும் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டிய நோய் இது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"எல்லாம் திமிர், ரெண்டு அடி போட்டா சாப்பிடுவா" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவருக்காகவே ஒன்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், 1944-ல் தொடங்கிய ஆய்வு அது. உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்தார்கள். எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் ஒட்டாத தனிமை எல்லாம் வந்தது. என் தங்கையிடம் நாங்கள் பிடிவாதம் என்று திட்டியதில் பாதி, பட்டினி மூளைக்குச் செய்த வேலை.

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் இந்த மாதிரி நோய் என்று நினைப்பது இன்னொரு தப்பு. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். 1979-ல்தான் அதற்குத் தனிப்பெயரே வந்தது. பல்லின் எனாமல் அரிக்கும், காதுக்குக் கீழே கன்னம் வீங்கும், பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடும் பிள்ளையை எடை மெஷின் காட்டிக்கொடுக்காது. பையன்களுக்கும் வரும். அவர்களை யாரும் சந்தேகப்படுவதுகூட இல்லை.

தங்கைக்கு இப்போது 26. மாதவிடாய் திரும்பிவிட்டது, முடி வளர்ந்துவிட்டது. எலும்பு அடர்த்தி மட்டும் இன்னும் குறைவாகவே இருக்கிறது. எலும்பு உரம் சேர்க்க வேண்டிய வயதில் விட்டதை முழுசாகப் பிடிக்க முடியாமல் போகலாம் என்றார்கள்.

போன மாதம் வீட்டுக்கு வந்த உறவினர், உண்மையான சந்தோஷத்தோடுதான், "இப்பதான் உடம்பு தேறி நல்லா பூசினாப்ல இருக்கே" என்றார். அவள் சிரித்தாள். அன்றிரவு தட்டைத் தொடவில்லை. அந்த நோயின் காதில் அது "குண்டாயிட்டே" என்றுதான் விழும்.

நான் எதுவும் சொல்லவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஆபீஸில் அவள் மேனேஜர் அடித்த கூத்தைப் பற்றிக் கேட்டேன். பேசிக்கொண்டே பத்தரை மணிக்கு நாலு வாய் சாப்பிட்டாள். "அக்கா, தட்டைப் பார்க்காதே" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.