நன்றாக ஆடுபவர்களும் ஹேக் போடுவதுண்டு

கணினி விளையாட்டுகளில் ஹேக், அதாவது ஏமாற்றி ஜெயிக்க உதவும் மென்பொருள், போடுபவர்களைப் பற்றி, "ஆடத் தெரியாதவன்தான் ஹேக் போடுவான், திறமை இருப்பவனுக்கு அது எதற்கு?" என்று பலரும் சொல்கிறீர்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படியில்லை.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற கவுன்டர்-ஸ்ட்ரைக் (துப்பாக்கியால் சுடும் கணினி விளையாட்டு) போட்டியைப் பாருங்கள். மேடையேறிய ஆப்டிக் இந்தியா அணியின் வீரர் ஒருவர் ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டார். சந்தேகப்பட்டு நடுவர் பக்கத்தில் வந்து கணினியைப் பார்க்கப் போனதும், அந்த வீரர் கணினியில் இருந்த ஹேக் கோப்பினை அவசரமாக அழிக்கப் பார்த்தார். அந்தக் கோப்பின் பெயர் 'வேர்ட்.இஎக்ஸ்இ', ஏதோ கடிதம் தட்டச்சு செய்ய வந்தவர் போல! அணி தகுதி நீக்கப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. அந்த வீரருக்கு 5 ஆண்டுத் தடை. இவ்வளவு தூரம் வந்தவரை ஆடத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. அந்த மட்டத்தில் எல்லாருக்கும் குறி சரியாகவே விழும். கண்சிமிட்டும் நேர வித்தியாசத்தில்தான் ஜெயிப்பதும் தோற்பதும். அந்த இம்மியளவுக்காகத்தான் சிலருக்குச் சபலம் தட்டுகிறது என்பது என் கணிப்பு.

என் பேச்சை நம்ப வேண்டாம். போட்டியின் பெயரையும் ஆண்டையும் போட்டு யூடியூபில் தேடினால் நடுவர் வந்து நிற்கும் காட்சியே கிடைக்கும். தடை விவரம் ஈ-ஸ்போர்ட்ஸ் (கணினி விளையாட்டுப் போட்டிகள்) நேர்மை ஆணையத்தின் அறிவிப்பில் இருக்கிறது.